கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில்: பெரியவர்களோடு போய்வந்த அனுபவம்

ஆனைமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அரையாண்டு விடுமுறையில் கொச்சியிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் லட்சத்தீவு போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், பையன், பொண்ணு, மாமா, அத்தை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று சொந்தக்காரர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்காகப் போவதென்றால் கட்டாயம் போங்கள். தீவில் இறங்குவதற்காக மட்டும் என்றால் யோசித்துப் போங்கள்.

கொச்சி வரைக்கும் ஒரு சிரமமும் இல்லை. குதிரான் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து திருச்சூர் வழி சுலபமாகிவிட்டது. கப்பல் ஏறும் இடம் வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி, வெள்ளைக்காரர் காலத்தில் உருவாக்கிய தீவு அது. சிரமம் அங்கேதான் ஆரம்பித்தது. அத்தைக்கு மூட்டு வலி. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லி, சரி என்று பதிலும் வந்திருந்தது. போய் நின்றால் ஒருவருக்கும் விவரம் தெரியவில்லை. வரிசையோ நகரவே இல்லை. அத்தை பெட்டி மேல் உட்கார்ந்து உட்கார்ந்துதான் உள்ளே வந்தார். அத்தனை பணம் வாங்கிக்கொண்டு ஒரு நாற்காலிக்கு இப்படி அலையவிட்டதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முன் பாதுகாப்பு ஒத்திகை வைத்தார்கள். ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாகச் சங்கு ஊதினால் எந்த இடத்தில் கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். பலர் போன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், குழந்தைகளுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் கப்பல் நகர்ந்தது பாருங்கள், பட்ட கஷ்டமெல்லாம் மறந்துபோனது. இடப்பக்கம் ஃபோர்ட் கொச்சி, கரையோரம் சீன வலைகள். வலப்பக்கம் வைப்பின். கரையில் நின்றவர்கள் எல்லாரும் கை அசைக்கிறார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலையே பார்த்து வாழ்ந்த மாமா, கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். துறைமுக வாயைத் தாண்டியதும் ஒரு சின்னப் படகு கப்பலை ஒட்டி ஓடி வந்தது. கப்பலின் வயிற்றுப் பக்கம் ஒரு கதவு திறந்து, கயிற்று ஏணி தொங்கியது. எங்கள் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவந்து விட்ட பைலட் அதில் இறங்கினார். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. படகு அலையில் மேலே எழும்பிய நொடியில் காலை வைத்து அந்தப் பக்கம் போய்விட்டார். "தெனமும் இதே வேலையாங்கண்ணு இவருக்கு?" என்று மாமா என்னிடம் கேட்டார். அந்த ஒரு காட்சிக்கே போகலாம் என்பேன்.

அறை விஷயம் முக்கியம். ஜன்னல் இல்லாத உள்ளறை விலை குறைவு, பால்கனி அறை கூடுதல். பெரியவர்களுக்கு உள்ளறை வேண்டவே வேண்டாம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. மாமா விடியுமுன்னே எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கிறவர். தூக்கம் கலைந்து, நேரம் தெரியாமல் தவித்து, மேல்தளத்துக்குப் போய் நட்சத்திரத்தைப் பார்த்து "வெள்ளி மொளைச்சிருச்சு" என்று வந்து சொன்னார். ராத்திரி கப்பல் ஆடியதில் பொண்ணு வாந்தி எடுத்தாள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் தனி. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறைகளில் ஆட்டம் குறைவு, முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு மலைமலையாக இருந்தது, சைவமும் தனியாக இருந்தது. ஆனால் சாம்பார் இனிப்பு, எல்லாவற்றிலும் வெண்ணெய். மார்கழி விரதத்தில் இருந்த அத்தைக்கு ஒன்றும் இறங்கவில்லை. தட்டு எடுக்க வந்த தம்பியிடம் "ஏஞ்சாமி, ஒரு வாய் ரசஞ்சோறு கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டார். அவன் நின்று, "ஆத்தா, உங்களுக்கு எந்தூருங்க?" என்றான். தாராபுரம் பக்கத்துப் பையன். அவர்கள் ஊழியர்களுக்கென்று வைத்த ரசத்தைச் சின்னப் பாத்திரத்தில், மேலே தட்டு மூடி, கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் வந்து "சாப்ட்டீங்களா ஆத்தா" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். ஊரை விட்டு மாசக்கணக்கில் கடலில் இருக்கிற பிள்ளை. அவன் நன்றாக இருக்க வேண்டும்.

இனி தீவு. நாங்கள் இறங்க வேண்டிய அகத்தித் தீவைச் சுற்றிப் பவளத்திட்டு இருப்பதால் பெரிய கப்பல் கரைக்குப் போக முடியாது. வெளியே நங்கூரமிட்டு, சின்னப் படகில் ஆட்களை மாற்றுவார்கள். கப்பல் அசையாது, படகு மட்டும் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், காலை மட்டும் நாம்தான் வைக்க வேண்டும். அத்தை பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்காரர் துணைக்கு இருந்துகொண்டார். இப்படித்தான் இறங்க வேண்டும் என்று டிக்கெட் விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகல் முழுக்கத் தீவில் என்று சொல்லியிருந்ததும் சில மணி நேரமாகச் சுருங்கியது, அலை கூடுகிறது என்று சீக்கிரமே திருப்பி அழைத்துவிட்டார்கள்.

அந்தச் சில மணி நேரத்தில் மாமா பார்த்ததெல்லாம் தென்னையைத்தான். தென்னை ஓலையின் அடிப்பக்கம் ஒட்டிச் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ, 2016-ல் இந்தியாவிலேயே முதலில் தென்பட்டது எங்கள் பொள்ளாச்சித் தோப்புகளில். கையெட்டும் மட்டையைப் பிடித்துத் திருப்பி அடிப்பக்கம் பார்க்காமல் அவர் ஒரு மரத்தையும் கடக்கவில்லை. அங்கே தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் வந்து மலையாளத்தில் என்ன என்று கேட்க, இவர் எங்கள் எல்லைப்புறத்துப் பேச்சில் பதில் சொல்ல, இருவரும் தோப்புக்குள்ளேயே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பெரிய தொல்லை எலியாம், குரும்பையையே கடித்துத் தள்ளிவிடுமாம். ஆறு கிடையாது, மழைத் தண்ணீர் மணலுக்கடியில் உப்புநீர் மேல் மிதந்து நிற்பதுதான் கிணற்றுக்கு. "நாம ஆயிரம் அடிக்குக் கீழ போறோம், அவுங்க ஆளுயரத்துல அளந்து எறைக்கறாங்க" என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று கவனியுங்கள்: பையன் கரையில் கிடந்த பவளத் துண்டை எடுத்தான், காவலர் அன்பாகவே சொல்லி வைக்கச் சொன்னார். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, செத்த துண்டானாலும் எடுத்து வரக்கூடாது.

இதைப் படித்தவர்கள் எழுதியவை:

திருப்பூரிலிருந்து ஒருவர்: நாங்கள் டிசம்பர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து போனோம். வடகிழக்குப் பருவமழைக் காலம் அல்லவா, வங்கக்கடல் கொந்தளிப்பு. போக வேண்டிய துறைமுகத்துக்கே போகாமல் கடலிலேயே இருந்துவிட்டுத் திரும்பினோம். கேட்டால் கேப்டன் முடிவு, நிபந்தனையில் இருக்கிறது என்றார்கள். உண்மைதான், பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளைகள் நீச்சல் குளத்தில் சந்தோஷமாக இருந்தார்கள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கிழக்குக் கடலுக்கு ஜனவரி கடைசிக்கு மேல் போங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: கரை மறைந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். எங்கள் அண்ணனுக்குக் கப்பலின் நெட்வொர்க் தானாக ஒட்டிக்கொண்டு பில் எகிறிவிட்டது. வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே போட்டால்தான் கேட்கும்.

உடுமலையிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, கடல் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. படி ஏறுவார், மெதுவாக. கூட்டிப் போகலாமுங்களா?

ஆனைமலை: தாராளமாகக் கூட்டிப் போங்க. ஜன்னல் அறையாக, லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்க. சக்கர நாற்காலி தருவதாக எழுத்தில் வாங்கி, அந்தத் தாளைக் கையில் வைத்திருங்க. தீவில் இறங்க முடியாமல் போகலாம் என்பதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடுங்க. எங்கள் அத்தை இறங்கவில்லை, ஆனாலும் அடுத்த வருஷம் போகலாமா என்று கேட்கிறார்.