ரீடிங் எல்லாம் நார்மல், ஆனா பேஷன்ட் சரியில்ல. டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?

குடியாத்தம்_ஸ்டாஃப்:
அக்காங்களுக்கு வணக்கம். சின்ன ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாக்குறேன். போன வாரம் விடியக்காலம் ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. செங்கல் சூளையில வேலை, தரையில படுத்திருந்தவன். வயித்துவலி, வாந்தி. பிபி, பல்ஸ் சரியா இருந்துச்சு, ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு காட்டுற சாச்சுரேஷன் 98. டாக்டர் போன்லயே கேஸ் ட்ரபுளுக்கு ஊசி போடச் சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. பேசும்போதே கண்ணு பாதி மூடியிருந்துச்சு. தூக்கக் கலக்கம்னு அவங்கம்மா சொன்னாங்க. திரும்பப் போன் பண்ணா, "காலையில பாக்கலாம்"னு வெச்சுட்டாரு. இப்ப வேலூர்ல வென்டிலேட்டர்ல இருக்கான். இந்த மாதிரி நேரத்துல எதைப் பாக்கணும்?

காட்பாடி_சிஸ்டர் (ரிட்டயர்டு):
தங்கச்சி, நீ சொல்றதைப் பாத்தா கட்டுவிரியன் கடி போலத்தான் இருக்கு. ராத்திரி தரைப்படுக்கை, விடியக்காலம் வயித்துவலி, இமை இறங்குறது. இது மூணும் சேர்ந்து வந்தா முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். வீக்கம் இருக்காது, பல் தடமே தெரியாமப் போகலாம். "பாம்பு கடிச்சுதா?"ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க. "ராத்திரி எங்க படுத்திருந்தே?"ன்னு கேளு.

சாச்சுரேஷனை நம்பி உக்காராதே. மூச்சுத் தசை தளர ஆரம்பிச்சாலும் அந்த நம்பர் கடைசியிலதான் இறங்கும், ஆக்ஸிஜன் வெச்சிருந்தா இன்னும் லேட்டாகும். தலையணையிலேர்ந்து தலையைத் தூக்கச் சொல்லு. மேலேயே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லி, இமை சரியுதான்னு கவனி. ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொல்லி, எதுவரைக்கும் போறான்னு நேரம் போட்டு எழுதிட்டே வா. முதல்ல 25, அப்புறம் 18, அப்புறம் 11னு இறங்கிச்சுன்னா எந்த டாக்டரும் எழுந்து வருவாரு. "பையன் சரியில்ல சார்"னா வரமாட்டாரு.

ரத்தம் உறையுற 20 நிமிஷ டெஸ்ட் சரியா வந்துச்சுன்னும் விட்டுடாதே. கண்ணாடி விரியன்னா உறையாது. கட்டுவிரியன்ல நல்லாவே உறையும். எச்சில் முழுங்க முடியாம வாயில தேங்குனா ஒருக்களிச்சுப் படுக்க வை, எச்சிலை உறிஞ்சி எடுக்குற சக்ஷன் மெஷின் பக்கத்துலயே இருக்கட்டும்.

இன்னொண்ணு. இப்ப அவனுக்குக் கண்ணு திறக்காது, விரல்கூட அசையாது, ஆனா காது கேக்கும். கருமணி விரிஞ்சு கிடக்குறதைப் பாத்து, "மூளை போயிடுச்சு"ன்னு கட்டில்கிட்டயே நின்னு பேசுறதைக் கேட்டிருக்கேன். நெஞ்சு பதறும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ட்யூப் போட்டிருக்குப்பா, சரியாயிடும்"னு அவங்கம்மாவைச் சொல்லச் சொல்லு.

ஆம்பூர்_பிஎச்சி:
அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே விஷமுறிவு மருந்தை ஆரம்பிக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க சிஸ்டர். முதல்ல 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவுதான். 108ல ஆம்பு பேக் (கையால அமுக்கி மூச்சுக் கொடுக்குற பை) அடிக்கத் தெரிஞ்ச ஆள் கூடப் போகணும்.

டூட்டி_டாக்டர்_ராணிப்பேட்டை:
போன்ல வயித்துவலியிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. தூக்கத்துல இருக்குற எங்க காதுல அதுதான் நிக்கும். "சார், கட்டுவிரியன் கடின்னு சந்தேகப்படுறேன், இமை இறங்குது, நீங்க வந்து பாக்கணும்." முதல் பேச்சே இதா இருக்கட்டும். கூப்பிட்ட நேரத்தையும் கிடைச்ச பதிலையும் கேஸ் ஷீட்ல எழுதுங்க. அது உங்க உரிமை.

குடியாத்தம்_ஸ்டாஃப்:
காது கேக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. இன்னைக்கே அவங்கம்மாகிட்ட சொல்றேன். தளர்ந்த தசையை வேலை செய்ய வைக்கிற நியோஸ்டிக்மின் ஊசி போட்டிருந்தா வென்டிலேட்டர் வேண்டியிருக்காதா?

காட்பாடி_சிஸ்டர் (ரிட்டயர்டு):
நல்லபாம்புக்கு அது நல்லா வேலை செய்யும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே கெடுக்குறதால பெரும்பாலும் கேக்காது. நுனி திரும்பச் சரியாகுற வரைக்கும், சில நாள் ஆனாலும், வென்டிலேட்டர்தான் மூச்சு விடணும்.