"எண்ணெய் குறையிற காலம்" எண்டு ஊர்க்கூட்டம் வைக்கினம், போகலாமோ?

டெவன்_அக்கா:
வணக்கம். நாங்கள் போன வருசம்தான் லண்டனை விட்டு டெவனுக்கு வந்தனாங்கள், டொட்னஸுக்குக் கிட்ட. இங்க ட்ரான்சிஷன் டவுண் எண்டு ஒரு குழு, ரிப்பேர் கஃபே, விதை மாத்திற நாள், கொட்டை மரம் நடுறது எண்டு மாறி மாறி வைக்கினம். பெற்றோல் குறைஞ்சாலும் ஊர் சமாளிக்க வேணுமாம். மனுசன் "நான் பள்ளிக்கூடம் போகேக்கயே எண்ணெய் முடியுது எண்டவங்கள்" எண்டு சிரிக்கிறார். ஆராவது போயிருக்கிறீங்களோ, பிரயோசனம் இருக்கோ இல்லாட்டி வெள்ளைக்காரற்ற பொழுதுபோக்கோ?

ரெடிங்_குமார்:
போயிருக்கேங்க. ராப் ஹாப்கின்ஸ்னு ஒருத்தர், முதல்ல அயர்லாந்துல கின்சேல் ஊர்ல ஸ்டூடன்ட்ஸ வச்சு எண்ணெய் குறைஞ்சா ஊர் எப்படி ஓடணும்னு 2005ல பிளான் போட்டாரு, அப்புறம் 2006ல டொட்னஸ்ல இத ஆரம்பிச்சாங்க. டொட்னஸ் பவுண்டுன்னு சொந்தமா நோட்டே அடிச்சாங்க, 2019ல நிறுத்திட்டாங்க, எல்லாரும் கார்டு தட்டுறப்போ அத யாரு வாங்குவா. ரிப்பேர் கஃபே மட்டும் விடாதீங்க, ஓடாத மிக்சிய தூக்கிட்டு போனா பக்கத்துல உக்கார வச்சு கழட்டி காட்டுவாங்க.

சும்மா_சொல்றேன்:
எண்ணெய் தீருதுங்கறத நம்பி போகாதீங்க. அமெரிக்காவுல எண்ணெய் எடுக்கறது ஒரு உச்சிக்கு போயிட்டு குறையும்னு 1956ல ஹப்பர்ட்னு ஒரு நிலவியல் நிபுணர் சொன்னாரு, 1970க்கு அப்புறம் குறைஞ்சதும் உண்மை, ஆனா பாறைய உடைச்சு எடுக்கற ஷேல் எண்ணெய் வந்து 2018ல அந்த ரெக்கார்டையே தாண்டிட்டாங்க. சாப்பாடு போட்டா போங்க.

சுன்னாகத்தான்:
தம்பி, 2022ல உலகத்தில எண்ணெய் தாராளமா இருந்தது, இலங்கையில எங்களிட்டத்தான் அதை வாங்க டொலர் இல்லை. பெற்றோல் செட்டில இரவிரவா லைன், பிறகு கியூஆர் கோட் காட்டி வாங்கிற பங்கீடு வந்து மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20. 90களில யாழ்ப்பாணத்தில சண்டைக்காலப் பொருளாதாரத் தடை நேரம் அதுகும் இல்லை, காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில ஓடுறது, ஜாம் போத்தில்ல விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி. ஒருத்தரும் கூட்டம் வைச்சுப் படிப்பிக்கேல்லை, தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்து வீட்டில இருந்தான். அதாலதான் 2022ல அப்பா பேசாமல் பழைய சைக்கிளை இறக்கித் துடைச்சார், கொழும்பில இருந்த நாங்கள்தான் பதறினது. கியூபாவிலயும் சோவியத் உடைஞ்சு எண்ணெய் நிண்ட பிறகுதான் ஹவானாவில வெறுங்காணியெல்லாம் மரக்கறி போட்டவை. அக்கா, நீங்கள் எண்ணெய் நிக்க முதலே பழகிறியள், போங்கோ.

சும்மா_சொல்றேன்:
அண்ணே அது எண்ணெய் தீர்ந்ததில்ல, கஜானா தீர்ந்தது.

சுன்னாகத்தான்:
லைனில நிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்.

டெவன்_அக்கா:
நன்றி எல்லாருக்கும், ரிப்பேர் கஃபேக்கு மனுசனையும் இழுத்துக்கொண்டு போறன், வீட்டில கிறைண்டர் ஒண்டு கனகாலமாக் கிடக்கு. விதை மாத்திற நாளுக்கு முருங்கை விதை கொண்டு போ எண்டு அம்மா சொல்லுறா, சரிவருமோ?

ரெடிங்_குமார்:
முருங்கை வேணாங்க, அந்த குளிர்ல நிக்காது. வெந்தயமும் கொத்தமல்லியும் எடுத்துட்டு போங்க, மே மாசம் தூவினா வெளியிலயே நல்லா வரும்.