மறு: ‘பிராஸ்பெக்ட்’ – நாற்று என்றால் என்ன குறை?

அன்பர்களுக்கு வணக்கம். பேஸ்பால் பற்றித் தமிழில் எழுதும்போது ‘பிராஸ்பெக்ட்’, ‘டிரேட்’ போன்ற சொற்களுக்கு என்ன போடலாம் என்று இந்தக் குழுவில் ஓடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. ‘பிராஸ்பெக்ட்’டுக்கு என் வாக்கு ‘நாற்று’.

> ‘பிராஸ்பெக்ட்’டுக்கு ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்றே போட்டுவிடலாமே. நாளிதழ்களில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

புழங்குகிறது, சிக்கலும் அதில்தான். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சதம் அடித்த பையன்கள் எல்லாருமே நம்பிக்கை நட்சத்திரங்கள்தான். பேஸ்பாலில் பிராஸ்பெக்ட் என்பது பாராட்டுச் சொல் இல்லை, ஒரு ஆட்டக்காரரின் நிலையைக் குறிப்பது. உச்சப் படியான மேஜர் லீகில் ஓர் அணியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, கீழ்ப்படியான மைனர் லீகில் அதன் கிளை ஒன்றில் ஆடிக்கொண்டிருப்பவர். மேலே வரலாம், வராமலே முப்பது வயதில் ஊர் திரும்பலாம், நடுவில் அவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கிவிடலாம். இந்த மூன்றுக்கும் இடம் தருகிற சொல்தான் நமக்கு வேண்டும். நட்சத்திரம் முதலாவதை மட்டும் சொல்கிறது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பேஸ்பால் பார்க்காதவர்களும் இந்தக் குழுவில் உண்டு என்பதால் கொஞ்சம் பின்னணி. மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் கிளை அணிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. 2021 மறுசீரமைப்புக்குப் பிறகு இவை மொத்தம் 120. அதற்கும் கீழே புதிதாக வரும் பொடியன்களுக்குப் பயிற்சி வளாக லீக்குகள். பள்ளி முடித்த 18 வயதுக்காரர், கல்லூரியிலிருந்து வரும் 21 வயதுக்காரர், டொமினிக்கன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் 16 வயதிலேயே கையெழுத்துப் போடுபவர் என எல்லாரும் இந்தப் படிகளில் ஏறித்தான் வரவேண்டும். நேராக மேலே போகிறவர் மிக அரிது. நான் பின்தொடர்கிற டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு லேக்லேண்ட், மேற்கு மிச்சிகன், ஈரி, டொலீடோ என்று அந்தப் படிகள். டெட்ராய்ட் ரசிகர்கள் பலருக்கு மேலே நடக்கும் ஆட்டத்தைவிட ஈரியிலும் டொலீடோவிலும் நேற்று யார் எத்தனை அடித்தார்கள் என்பதுதான் முக்கியச் செய்தி. நானும் அந்தக் கட்சிதான்.

இந்த ஏற்பாட்டை 1920களில் செயின்ட் லூயிஸ் அணிக்காகக் கட்டி எழுப்பியவர் பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு ஏலத்தில் மோத முடியாதவர், வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்வோம் என்று சிறு ஊர் அணிகளைக் கைக்குள் கொண்டுவந்தார். ஆங்கிலத்திலேயே அதற்குப் பண்ணை என்றுதான் பெயர் விழுந்தது. ஆக, பண்ணை என்ற சொல்லை இந்த இழையைத் தொடங்கிய தம்பி சொன்னபடி அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. பண்ணை வந்துவிட்டால் உள்ளே இருப்பது நாற்று, இருக்கும் இடம் நாற்றங்கால்.

நாற்று என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இளமையோ பசுமையோ இல்லை. நாற்றை விதைத்த இடத்தில் யாரும் அறுவடை செய்வதில்லை. பறித்து, முடி கட்டி, வேறு வயலில் நடுவதற்காகவே அதை வளர்க்கிறார்கள். அந்த வயல் அடுத்தவருடையதாகவும் இருக்கலாம். முளை, அரும்பு, கன்று என்று வந்த மற்றச் சொற்களில் இந்த இடம் மாறும் குணம் இல்லை. கூடுதல் வசதி, அணிகள் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளும் டிரேடில் நான்கைந்து இளையவர்களைச் சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்களே, அதற்கு ‘முடி’ என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2022 ஆகஸ்ட் 2 அன்று வான் சோட்டோவையும் ஜாஷ் பெல்லையும் சான் டியேகோவுக்குக் கொடுத்த வாஷிங்டன், பதிலுக்கு ஆறு பேரை வாங்கியது. அதில் ஏப்ராம்ஸ், கோர் இருவரும் ஏற்கெனவே மேலே நடப்பட்டவர்கள், லூக் வாய்ட் அனுபவசாலி. ஜேம்ஸ் வுட், ஹாசெல், சுசானா மூவரும்தான் நாற்று. ‘மூன்று நாற்று, நட்டது இரண்டு, விளைந்தது ஒன்று’ என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள்.

> ‘வளரி’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அழகுதான் ஐயா. ஆனால் வளரி என்றால் சிவகங்கைச் சீமையில் எறிகிற ஆயுதம். பந்தை எறிகிற விளையாட்டில் வளரி என்று எழுதினால், ஏதோ புதுவகைப் பந்துவீச்சு என்றுதான் வாசகர் நினைப்பார்.

‘வருங்கால வீரர்’ எனக்குச் சரிப்படவில்லை. அவர் இன்றைக்கே வீரர்தான். சம்பளம் வாங்குகிறார், இரவெல்லாம் பேருந்தில் போய் மறுநாள் ஆடுகிறார்.

கோவை அக்கா எழுப்பிய கேள்வி இவற்றைவிடக் கனமானது. மனிதரை நாற்று என்று அஃறிணையில் சொல்லலாமா, அது அவர்களைச் சரக்காக்குவது ஆகாதா என்று கேட்டிருந்தார்கள். முதல் முறை ‘நாற்று வீரர்’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் பதிலின் பாதி. மீதிப் பாதி, அவர்களை அந்தத் தொழில் அப்படித்தான் நடத்தியிருக்கிறது என்பது. 2022 வரை மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குச் சங்கமே கிடையாது. 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தபோதுதான் டிரிபிள் ஏ படியில் ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. கடைசிப் படியில் 4,800ஆக இருந்தது 19,800 ஆனது. நாம் மரியாதையான சொல்லைப் போட்டு அந்த 4,800 டாலரை மூடி மறைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அக்கா ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

நாற்று பொய்க்கும் என்பதற்கும், பொய்க்காமல் வயிற்றெரிச்சல் தரும் என்பதற்கும் டெட்ராய்டிலேயே இரண்டு கதைகள் உண்டு.

1987 ஆகஸ்ட் 12. டெட்ராய்ட் பட்டத்துக்குப் போட்டியில் இருக்கிறது, ஒரு பந்துவீச்சாளர் குறைகிறார். அட்லாண்டாவிலிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கினார்கள். கொடுத்தது டபுள் ஏ படியில் கிளென்ஸ் ஃபால்ஸ் ஊரில் தோற்றுக்கொண்டிருந்த 20 வயதுப் பையன். அலெக்சாண்டர் ஒன்பது வெற்றி, தோல்வி பூஜ்யம். அவர் வீசத் தொடங்கிய 11 ஆட்டத்தையும் அணி வென்றது. கடைசி வாரத்தில் டொராண்டோவை மடக்கி, இரண்டே ஆட்ட இடைவெளியில் பிரிவுப் பட்டம். அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் அலெக்சாண்டர் இரண்டு ஆட்டம் தோற்றார், கதை முடிந்தது. அந்தப் பையன் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவில் 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காத்த ஆட்டம்) என்ற கணக்கின் பெரும்பகுதியைச் சேர்த்து, 1996இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கி, 2015இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தில், லான்சிங்கில் வளர்ந்தவர். சொந்த மண்ணில் முளைத்த நாற்றையே பிடுங்கிக் கொடுத்தார்கள் என்று இன்றும் இங்கே பெரியவர்கள் புலம்புவார்கள். நான் அந்த டிரேடைத் திட்டமாட்டேன். அலெக்சாண்டர் இல்லாவிட்டால் அந்தப் பட்டம் இல்லை.

இன்னொன்று 2007 டிசம்பர். கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் என்று நாட்டின் நாற்றுப் பட்டியல்களில் உச்சியில் இருந்த இருவர், கூடவே நான்கு பேர். ஆறு பேரையும் ஒரே முடியாகக் கட்டி ஃபுளோரிடாவுக்கு அனுப்பிவிட்டு, மிகெல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும் வாங்கினார்கள். ஐயோ, எதிர்காலத்தையே விற்றுவிட்டார்கள் என்று அப்போது கூச்சல். வில்லிஸ் தேறவில்லை. ஆனால் கப்ரேரா 2012இல் மும்முடி (மட்டைச் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் முதலிடம்) எடுத்தார், 1967க்குப் பிறகு அதுவரை அதை யாரும் எடுத்ததில்லை. 3,000 ஹிட், 500 ஹோம் ரன் இரண்டையும் டெட்ராய்ட் சட்டையிலேயே தாண்டினார். மேபின் பல ஊர் சுற்றினார். மில்லர் பின்னாளில் கிளீவ்லேண்டில் ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசும் ரிலீவராக ஜொலித்தார், அதாவது இரண்டு மூன்று வயல் மாறிய பிறகுதான் விளைந்தார். (‘மும்முடி’ என்று மேலே எழுதியது கிரீடம். முடி கட்டு என்ற பொருளிலும் வருவதால் குழப்பம் வருமா என்று யாராவது சொல்லுங்கள்.)

இனி ‘டிரேட்’. ‘வர்த்தகம்’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், படிக்கும்போது பங்குச்சந்தைதான் நினைவுக்கு வருகிறது. ‘கைமாற்று’ அருமையான சொல், ஆனால் ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்று நண்பரிடம் வாங்குகிற சில்லறைக் கடன் அது. ‘இடமாற்றம்’ என்றால் தாசில்தார். ஐபிஎல் புண்ணியத்தில் சஞ்சு சாம்சனும் ஜடேஜாவும் அணி மாறியபோது தமிழ்ப் பத்திரிகைகள் டிரேட் என்றும் எழுதின, வீரர் பரிமாற்றம் என்றும் எழுதின. தலைப்பில் பரிமாற்றம், பேச்சு நடையில் டிரேட், இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம் இருக்கும் ஆட்டக்காரரை ஜூலைக் கடைசியில் வாங்குவார்கள். அவருக்கு ‘வாடகை வீரர்’ அப்படியே பொருந்தும். 2024 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் தன் ஜாக் ஃபிளாஹெர்டியை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அப்படித்தான் கொடுத்தது. வந்தவை இரண்டு நாற்று: கேட்சர் தைரான் லிரான்சோ, ஷார்ட்ஸ்டாப் டிரே ஸ்வீனி. ஸ்வீனி ஆகஸ்டிலேயே மேலே வந்தார், யாரும் எதிர்பாராமல் டெட்ராய்ட் பிளே ஆஃப் போனது. ஃபிளாஹெர்டி அங்கே உலகத் தொடர் வென்று மோதிரம் போட்டுக்கொண்டு, அடுத்த பிப்ரவரியில் திரும்ப இங்கேயே வந்து கையெழுத்துப் போட்டார். வாடகைக்கு விட்ட வீடு திரும்பி வந்து, வாடகையும் கையில் நின்ற கதை. இப்படி எல்லா ஆண்டும் நடக்காது.

‘பின்னர் பெயர் சொல்லப்படும் வீரர்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. இப்போதைக்கு ஒருவரைக் கொடு, பதிலுக்கு யார் என்பதை ஆறு மாதத்துக்குள் பேசிக்கொள்வோம் என்பது. இதற்கு ‘நிலுவை வீரர்’ என்று முன்மொழிகிறேன். 1962இல் கிளீவ்லேண்ட், கேட்சர் ஹாரி சிட்டியை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தது, பதிலுக்கு ஒரு நிலுவை வீரர். 15 ஆட்டம் பார்த்த மெட்ஸ், அந்த நிலுவையைத் தீர்க்க ஹாரி சிட்டியையே திருப்பி அனுப்பியது. மனிதர் தனக்குத்தானே பரிமாறப்பட்டார். சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. 1996இல் டேவ் ஹாலின்ஸுக்கு ஈடாக சியாட்டில் மின்னசோட்டாவுக்கு அனுப்பிய நிலுவை வீரர் டேவிட் அரியாஸ் என்று பதிவானவர். இனி என்னை ஓர்டிஸ் என்று எழுதுங்கள் என்று புது அணியிடம் கேட்டுக்கொண்டார். 541 ஹோம் ரன்னோடு ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் டேவிட் ஓர்டிஸ் அவர்தான்.

ஜூலைக் கடைசியில் டிரேடுக்கான கெடு நாள் நெருங்கும்போது இது மனிதர்களை என்ன செய்கிறது என்பதை ஒரு முறை எல்லாரும் நேரலையில் பார்த்தார்கள். 2015 ஜூலை 29, மெட்ஸ் மைதானம். வில்மர் ஃபுளோரஸ் 16 வயதில் அந்த அணியில் சேர்ந்தவர். அவரை டிரேட் செய்துவிட்டார்கள் என்ற செய்தி இணையத்தில் பரவி, அரங்கிலிருந்த ரசிகர்கள் எழுந்து கைதட்ட, அவருக்கு விஷயம் அப்போதுதான் தெரிகிறது. அடுத்த இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றபடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினார். அந்தப் பரிமாற்றம் கடைசியில் நடக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனுக்கு எதிராக 12ஆவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தது. மெட்ஸ் அதே நாளில் டெட்ராய்டிடம் யோனிஸ் செஸ்பெடெஸை வாங்கிக்கொண்டது. எங்களுக்கு வந்த நாற்று மைக்கேல் ஃபுல்மர், அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்.

> நாற்றுகளைக் கொடுக்காமல் பத்திரப்படுத்தும் அணிதானே புத்திசாலி?

சொல் விவாதத்துக்கு வெளியே போகிறது, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். 2025 ஜூலையில் டெட்ராய்ட் பிரிவில் முதலிடம். கீழே மேக்ஸ் கிளார்க், கெவின் மெகானிகிள் என்று நாட்டிலேயே முன்வரிசை நாற்று இரண்டு. இருவரையும் தொடாமல், சில்லறை விலைக்குக் கிடைத்த பந்துவீச்சாளர்களை வாங்கிப்போட்டார்கள். பதினைந்தரை ஆட்டம் பின்னால் கிடந்த கிளீவ்லேண்ட் பிரிவுப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. பிளே ஆஃபில் சியாட்டிலிடம் கடைசி ஆட்டத்தை 15 இன்னிங்ஸ் ஆடித் தோற்றார்கள். ஒரு நல்ல மட்டையாளர் இருந்திருந்தால் அது வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மெகானிகிளைக் கொடுத்து அந்த மட்டையாளரை வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறது. கிளார்க்கை மட்டும் என்றால்? அப்போதும் யோசிப்பேன், ஆனால் பேச்சுக்காவது உட்காருவேன்.

மிச்சம் ஒரு சொல். ‘ஆப்ஷன்’. மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் இருக்கும் ஒருவரை, மற்ற அணிகளைக் கேட்காமல் மூன்று பருவம் வரை மேலும் கீழும் அனுப்ப அணிக்கு இருக்கும் உரிமை அது. ‘விருப்பம்’ என்று போட்டால் ஆட்டக்காரரின் விருப்பம் என்று ஆகிவிடும், அவருக்கு அதில் வாயே கிடையாது. ‘இறக்க உரிமை’ என்று வைத்திருக்கிறேன். இறக்குமதி, இறப்பு எல்லாம் காதில் விழுகிறதா, பிரித்தே எழுதலாமா, ‘இறக்கவுரிமை’ என்று சேர்க்கலாமா என்று பேராசிரியர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
டெட்ராய்ட் ரசிகன்