கடுவன் பூனை திடீரென்று சீறுகிறது: கோபமா, வலியா?

செல்வி:
எங்கள் முத்து நான்கு வயது நாட்டுக் கடுவன். நான் மீன் கழுவ உட்கார்ந்தால் காலையே சுற்றிவருவான். நேற்று முதல் பீரோவுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறான். நெத்திலியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கப் போனேன், சீறிப் பிறாண்டிவிட்டான். மணல் தொட்டியில் ஐந்தாறு முறை குந்தினான், மணல் நனையவில்லை. மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடு என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

ராஜன்:
தெருவில் புதுக் கடுவன் ஏதாவது வந்திருக்கும், அந்தக் கோபமாக இருக்கலாம். இரண்டு நாள் பாருங்கள்.

கலா:
இரண்டு நாள் பார்க்காதீர்கள் செல்வி, இப்போதே கிளம்புங்கள். விளக்கெண்ணெய் வேண்டாம். நீங்கள் சொல்வது சிறுநீர் அடைப்பு போலிருக்கிறது. கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். பொடிமணல் போன்ற படிகமோ சளிக்கட்டியோ அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். சாம்பல் என்ற என் கடுவனை அப்படித்தான் இழந்தேன். குறியை நக்கிக்கொண்டே இருந்தான், சுத்தம் செய்கிறான் என்று நினைத்தேன். மடியில் குர்குர் என்று சத்தமிட்டான், சுகமாக இருக்கிறான் என்று நம்பினேன். வலியிலும் பூனை அப்படிச் செய்யும் என்று மருத்துவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

முத்துவின் முகத்தைப் பாருங்கள். காதுகள் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா? கண் இடுங்கியிருக்கிறதா? மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா? வாய்ப்பகுதி இறுகி, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் வெளியிட்ட பூனை வலி அளவுகோல் இந்த ஐந்தையும்தான் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 வந்தாலே வலிமருந்து தேவைப்படலாம். அந்த மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைத் தொடாதீர்கள். பூனையின் உடலால் அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

செல்வி:
அன்றிரவே கொண்டுபோனோம் அக்கா. அடைப்புதான். சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம்போல் கல்லாக இருந்ததாம். மயக்கம் கொடுத்துக் குழாய் செருகியிருக்கிறார்கள். இன்று காலை என்னைப் பார்த்துக் கண்ணை முழுதாகத் திறந்தான். வீட்டுக்கு வந்ததும் என்ன கொடுப்பது?

கலா:
எனக்கு அழுகையே வந்துவிட்டது செல்வி. உணவை மருத்துவர் சொல்கிறபடி கொடுங்கள். தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும். உலர்தீனி மட்டுமே கொடுத்துவந்தால் அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மீன் வேகவைத்த நீரைச் சேர்த்தால் விரும்பிக் குடிப்பான். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. இது திரும்பவும் வரக்கூடும், அதனால் மணல் நனைகிறதா என்று தினமும் பாருங்கள்.