கார்பன் நியூட்ராலிட்டி: நடுநிலையா, சமனா?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

கார்பன் நியூட்ராலிட்டி, அதாவது காற்றில் விடுகிற கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சுகிற வாயுவும் சரிக்குச் சரியாவது. இதற்குத் தமிழ் தேடி மூன்று நாளாக நம் குழுவில் இழுத்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்தவை கரிம நடுநிலை, கரியீடு, கார்பன் நேர், கரிம ஈடேற்றம். கடைசியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஈடேற்றம் என்றால் மோட்சம் அல்லவா? இந்தியா சொல்லியிருக்கும் 2070 இலக்கு, மோட்சத்துக்குத் தேதி குறித்தது போல ஆகிவிடுகிறது.

> நடுநிலை என்பது பத்திரிகைகளில் வந்து நிலைத்துவிட்டது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் ஒரு வரி: 'பிரேசில், தென்னாப்பிரிக்கா, இந்தியா, சீனா ஆகியவை கரிம நடுநிலைக்காக ஒத்துழைக்கின்றன.' இதை என் மைத்துனரிடம் வாசித்துக் காட்டினேன். "எந்தச் சண்டைல நடுநிலை?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நாடுகளைப் பற்றிப் பேசும்போது நடுநிலை என்றால் யார் பக்கமும் சாயாதது என்றுதான் பொருள். இந்த நான்கு நாடுகளோ பக்கம் எடுக்கத்தான் சேர்ந்தன. 2009 நவம்பரில், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு பெய்ஜிங்கில் கூடி, பணக்கார நாடுகளிடம் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டன. எங்கள் கன்னடியன் கால்வாயில் தலைமடைக்காரர் கார், பிசானம் என்று இரண்டு போகமும் எடுத்துவிட்டு, கடைமடைக்காரரிடம் "தண்ணியப் பாத்துச் செலவழியும்" என்றால் என்ன பேச்சு வருமோ, அந்தப் பேச்சு. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, அளவு ஆளுக்கு ஆள் வேறு என்று 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. இதற்குப் போய் நடுநிலை என்று பெயர் வைத்தால் வாசகர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

இந்தச் சிக்கல் சீனர்களுக்கு இல்லை. அவர்கள் சொல்லில் இருப்பது அமிலமும் காரமும் சேர்ந்து நடுநிலையாவதற்கான வேதியியல் சொல். நமக்கும் 'நடுநிலையாக்கல்' பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 'கார்பன் நடுநிலையாக்கல்' என்றால் கார்பன்மேல் எதையோ ஊற்றப்போகிறோம் என்று நினைப்பார்கள்.

'நேர்' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். "கணக்கு நேராயிட்டு" என்று கடையில் சொல்வோமே, அது. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு நேர் என்றால் ப்ளஸ். கார்பன் நேர் என்றால் கார்பன் கூடிவிட்டது என்றாகிவிடும். 'ஈடு' என்றால் எங்கள் பக்கம் முதலில் அடமானம்தான் ஞாபகம் வரும். இங்கே புகை விட்டுவிட்டு எங்கோ ஒரு காட்டைக் காட்டிக் கணக்குத் தீர்க்கிற ஆஃப்செட்டுக்கு அது பொருத்தமான சொல். அங்கேயே இருக்கட்டும்.

நான் சொல்வது 'கார்பன் சமன்'. கரிமம் என்றால் கரிம வேதியியலோடு குழம்பும். பள்ளிப் புத்தகமும் கார்பன் என்றே சொல்கிறது. சமன் தராசுச் சொல். சமன்செய், சமனாகு, சமன் ஆண்டு என்று நன்றாக வளைகிறது.

சொல்லைச் சோதிக்க எனக்குச் சுண்ணாம்பு உதவியது. பொங்கலுக்கு முன்னால் அம்மா தொட்டியில் சுட்ட சுண்ணாம்புக்கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். உஸ்ஸென்று கொதித்து நீறும், கிட்டே போனால் அடி விழும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும், மிச்சம் 56 கிலோ சுண்ணாம்பு. அதை நீற்றிச் சுவரில் அடித்தால், காய்ந்து இறுகும்போது காற்றிலிருந்து அந்த 44 கிலோவையும் மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. விறகுப் புகை தனிக் கணக்கு. கல்லைப் பொறுத்தவரை போனதும் வந்ததும் சமன். இதை 'நடுநிலைச் சுவர்' என்று யாராவது சொல்வார்களா?

தாழையூத்தில் சிமெண்டுக்குச் சுடுவதும் இதே கல்தான். மின்சாரம் முழுக்கப் பணகுடிக் காற்றாலையிலிருந்தே வந்தாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வந்தே தீரும். சிமெண்ட் திரும்ப உறிஞ்சுவது கொஞ்சம்தான், அதுவும் பல வருஷம் பிடிக்கும். அதனால்தான் வெறும் சுழியம் என்று சொல்லாமல், விட்டதில் உறிஞ்சியதைக் கழித்தால் வரும் 'நிகரச் சுழியம்' (நெட் ஜீரோ) என்கிறோம். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா சொன்னது நெட் ஜீரோ, 2070க்குள். 2020இல் சீனா சொன்னது கார்பன் நியூட்ராலிட்டி, 2060க்கு முன். நாடுகள் சொன்ன சொல்லே வேறு வேறு, எனவே தமிழிலும் இரண்டு சொல் தனித்தனியாக வேண்டும்.

அதே கட்டுரையில் வரும் 'எமர்ஜிங் எகானமி'க்கு 'தலையெடுக்கும் பொருளாதாரம்' என்று போட்டிருக்கிறேன். "அந்தக் குடும்பம் இப்பதான் தலையெடுக்கு" என்போமே, அதிலிருந்து எடுத்தது. 'வளரும் நாடு' ஏற்கெனவே 'டெவலப்பிங் கன்ட்ரி'க்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு எழுதுங்கள், சனிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது.

---

அண்ணாச்சி, சமன் எனக்குச் சம்மதம். தலையெடுப்பதும் நன்றாக இருக்கிறது. ஆனால் பூட்டானை என்ன செய்வீர்கள்? அவர்கள் விடும் புகையைவிட அவர்கள் காடு இழுப்பது அதிகம். அங்கே தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறதே!

---

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர். 'கார்பன் மைனஸ்' என்று வைத்தால் வாசகருக்கு அது குறையாகப்படும். 'சமன் கடந்த நாடு' என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் அனுப்பும்.