பி பிளாக் ஹோஸ் பெட்டி உடைந்த காலை

மூன்று பிளாக் குடியிருப்போர் குழு, மேடவாக்கம்
சனிக்கிழமை

பி-302, காலை 6:41
[படம்]
எல்லோரும் பாருங்கள். எங்கள் மூன்றாவது மாடி ஃபயர் ஹோஸ் பெட்டியின் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. உள்ளே இருந்த, ஹோஸ் முனையில் மாட்டும் பித்தளை நாசிலைக் காணவில்லை. நான்காவது மாடியிலும் அதே கதிதான்.

ஏ-201, 6:44
அய்யோ. போன மாதம்தான் ஊஞ்சல் சங்கிலியை யாரோ அறுத்தார்கள், இப்போது இது.

பி-302, 6:45
குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள். கண்ணாடியைப் பெருக்கிவிடட்டுமா?

பி-203 (வக்கீல்), 6:47
வேண்டாம் அக்கா, யாரும் பெட்டியைத் தொட வேண்டாம். போலீஸ் வந்து பார்த்த பிறகு பெருக்கலாம். அதுவரை குறுக்கே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

சி-404, 6:52
ராத்திரி வாட்ச்மேன் என்ன செய்துகொண்டிருந்தார்? மாதம் தவறாமல் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம்.

செகரெட்டரி (ஏ-104), 7:01
இப்போதுதான் கேமரா பதிவைப் பார்த்தேன். 2:10-க்குப் பக்கவாட்டு கேட் வழியாக இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் கையில் சாக்குப் பை. முகம் தெரியவில்லை, அந்த இடத்து லைட் எரியவில்லை. வாட்ச்மேன் நாற்காலி 2:03 முதல் 2:24 வரை காலியாக இருக்கிறது. அவரிடம் கேட்டேன். ஒரு மணிக்கு மேல் சி பிளாக்குக்குப் போய் வந்தேன், இரண்டு மணிக்கு நாற்காலியில்தான் இருந்தேன் என்கிறார்.

சி-404, 7:03
கேமராவில் இல்லை, ஆனால் இருந்தேன் என்கிறாரா? இதற்கு மேல் என்ன வேண்டும்? அவருக்குத் தெரிந்துதான் நடந்திருக்கிறது. இந்த மாதச் சம்பளத்தை நிறுத்துங்கள், ஏஜென்சிக்கு இன்றே சொல்லுங்கள்.

ஏ-201, 7:04
எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பி-101, 7:09
தம்பிகளா, அவசரப்பட வேண்டாம். ஆறு வருடமாக இங்கே இருக்கும் மனிதர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நம் வண்டிகளை மேலே தள்ளியவர் அவர்தான். திருடன் என்ற சொல்லை ஒருவர்மேல் போட்டுவிட்டால் அப்புறம் திரும்ப எடுக்க முடியாது. அவர் சொல்வதையும் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

ஏ-306, 7:16
நான் இப்போது கேமரா பதிவாகும் டிவிஆர் பெட்டி முன்னால்தான் நிற்கிறேன். ஒரு விஷயம். லைவ் திரையில் மணி 8:07 என்று ஓடுகிறது. என் போனில் 7:16.
[படம்]

ஏ-306, 7:17
அதாவது டிவிஆர் கடிகாரம் 51 நிமிடம் முன்னால் ஓடுகிறது. இன்டர்நெட்டில் இணைக்காததால் அது தானாகத் திருத்திக்கொள்ளவில்லை. திரையில் 2:10 என்றால் உண்மையில் 1:19. நாற்காலி காலியாக இருந்தது 1:12 முதல் 1:33 வரை.

செகரெட்டரி, 7:19
அப்படியானால் அவர் சொன்ன நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

சி-203, 7:26
இப்போதுதான் எழுந்தேன், மன்னிக்கவும். அந்த நேரத்தில் சி பிளாக் லிஃப்டில் மாட்டிக்கொண்டது நான்தான். ஷிஃப்ட் முடிந்து வந்தேன், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்றுவிட்டது. 1:11-க்கு வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் செய்தேன், கால் லாக் இருக்கிறது. அவர் சாவியோடு ஓடி வந்து கதவைத் திறந்து, என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போனார். தனியாக இருட்டில் மிகவும் பயந்துபோயிருந்தேன். அவரைத் தயவுசெய்து எதுவும் சொல்லாதீர்கள்.

சி-404, 7:34
தங்கச்சி, நீ பத்திரமாக இருக்கிறாயே, அது போதும். நான் எழுதியது தவறு. இங்கே எல்லோர் முன்னாலும் எழுதினேன், இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் நேரில் போய்ப் பேசுகிறேன்.

பி-101, 7:35
🙏

பி-203 (வக்கீல்), 7:43
சரி, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். புகாரில் அந்த 51 நிமிட வித்தியாசத்தைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அதே குழப்பம் ஸ்டேஷனிலும் வரும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-வது பிரிவுப்படி, வீடியோவை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொடுக்கச் சான்றிதழும் வேண்டும். அதை நான் தயார் செய்கிறேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனைவிட்டு வராதீர்கள். வீடியோவை வெளி குழுக்களுக்கு யாரும் அனுப்ப வேண்டாம்.

ஏ-306, 7:48
பதிவை இன்றே பென் டிரைவில் எடுத்துவிடுகிறேன். நம் கேமரா ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி எழுதுகிறது, 8 கேமராவுக்குச் சுமார் 170 ஜிபி. டிஸ்க் 1 டிபிதான். ஆறாவது நாள் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிவிடும். ஊஞ்சல் விஷயத்தில் நாம் பத்து நாள் கழித்துத் தேடியதால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏ-103, 7:52
ஊஞ்சலை யாரும் அறுக்கவில்லை. மேல் கொக்கி தேய்ந்து அறுந்தது. கழற்றிய கொக்கி என் வீட்டில் இருக்கிறது. போன மாதமே சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை.

ட்ரெஷரர் (பி-401), 8:05
இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பார்த்தேன். வேண்டுமென்றே செய்த சேதம் அடங்கும், கண்ணாடிக்குக் கேட்டுப் பார்க்கலாம். வெறும் திருட்டு அடங்காது. நாசில் செலவு நம்முடையதுதான்.

பி-302, 8:08
செலவு போகட்டும். அந்த நாசில் இல்லாமல் தீப்பிடித்தால் என்ன ஆகும்?

ஏ-306, 8:12
ஹோஸில் தண்ணீர் வரும் அக்கா, ஆனால் பீய்ச்சி அடிக்காது. வாயிலிருந்து கொட்டும், அவ்வளவுதான். தீக்குப் பக்கத்தில் போய் நிற்க யாராலும் முடியாது. அதனால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே வாங்க வேண்டும். இந்த முறை பித்தளை வேண்டாம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குவோம். பழைய இரும்புக்கடையில் பித்தளைக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. ஒவ்வொன்றிலும் நம் சங்கத்தின் பெயரைப் பஞ்ச் செய்துவிடலாம்.

சி-203, 8:20
இன்னொன்றும் கேட்கலாமா? ராத்திரியில் மூன்று பிளாக்குக்கும் ஒரே ஒருவர். என்னைக் காப்பாற்ற வந்தால் கேட்டில் ஆள் இல்லை.

ட்ரெஷரர், 8:31
கணக்குப் போட்டேன். ஏஜென்சி ஒரு ஆளுக்கு 18,000 கேட்கிறது. 72 வீடு. வீட்டுக்கு மாதம் 250 ரூபாய்.

சி-404, 8:33
நான் சம்மதிக்கிறேன்.

பி-302, 8:33
நானும்.

ஏ-201, 8:40
250 எங்களுக்குக் கஷ்டம்தான். முதலில் பக்கவாட்டு கேட்டுக்குப் பூட்டும் லைட்டும் போடுங்கள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த லைட் எரியவில்லை. ஆள் போடுவதைப் பொதுக்குழுவில் பேசலாம்.

செகரெட்டரி, 8:44
அது நியாயம். வரும் ஞாயிறு பேசுவோம். லைட் இன்றே.

செகரெட்டரி, இரவு 7:55
சி.எஸ்.ஆர். வாங்கியாகிவிட்டது. போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாசிலும் மாட்டி, ஹோஸைத் திறந்து சோதித்தோம். பக்கவாட்டு கேட் லைட் எரிகிறது.
[படம்]

பி-101, 8:02
வாட்ச்மேன் சாப்பிட்டாரா?

சி-404, 8:06
எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார் ஐயா. ஏ-306 தம்பி, நாளைக்கு சி பிளாக் கேமராக்களையும் பார்த்துவிடலாம். ஒன்றில் சிலந்தி வலை கட்டி ராத்திரி முழுக்க வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஏணி என் வீட்டில் இருக்கிறது.

ஏ-306, 8:07
சரி அண்ணா, காலை ஏழு மணிக்கு வருகிறேன்.