1987 அலுமினிய டாங்க்: கழுத்தில் "விஇ" முத்திரை இல்லை, நிரப்பலாமா?

வகுப்புக்கு வந்த பழைய ஸ்கூபா டாங்க் ஒன்றில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். ஹைட்ரோ சோதனை (நீரழுத்தம் கொடுத்துப் பார்ப்பது) தேதி சரியாக இருக்கிறது. ஆனாலும் காற்று நிரப்புமிடத்தில் மறுக்கிறார்கள்.

தோள்பகுதியில் உள்ளவை: டிஓடி-3ஏஎல் 3000 (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் அலுமினிய சிலிண்டர் தரம், 3000 பிஎஸ்ஐ அழுத்தம்), எஸ்80 (மாடல்), லக்ஸ்ஃபர் (தயாரிப்பாளர்). முதல் தேதி 6-87. கடைசி முத்திரை 5-23, மாதத்துக்கும் வருடத்துக்கும் நடுவே சோதனைக்கூடத்தின் எண் சதுரமாக. லக்ஸ்ஃபர் 1988-இல்தான் 6061 என்ற அலுமினியக் கலவைக்கு மாறியது. ஆகவே இது அதற்கு முந்தைய 6351. கழுத்து மரையில் விரிசல் விடும் என்று பெயரெடுத்த கலவை. அதனால்தான் ஹைட்ரோவோடு எடி கரண்ட் சோதனையும் (சுழல் மின்னோட்டத்தால் மரை விரிசலைக் கண்டுபிடிப்பது) கேட்கிறார்கள், அது முடிந்தால் தேதிக்குப் பின் "விஇ" வரவேண்டும். இதில் அது இல்லை.

ஸ்டிக்கர்களை உரித்து, பெயின்ட்டைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. சோதனைக்கூடத்தில் கேட்டால் "ஹைட்ரோ பாஸ்" என்பதோடு சரி. எடி கரண்ட் பற்றிப் பேச்சே இல்லை. இந்த வருடத்துக் கண்பார்வைச் சோதனை ஸ்டிக்கரிலும் அதற்கான குறிப்பு இல்லை. வெளியே கசிவோ பள்ளமோ கிடையாது, ஆனால் மரை விரிசல் வெளியே தெரியுமா என்ன? வால்வைக் கழற்றிப் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை.

புதியவர்களுக்கு அழுத்தமானியை வாசிக்கச் சொல்லித் தருகிறோம், டாங்கின் கழுத்தை வாசிக்கச் சொல்லித் தருவதில்லை. அது தனிக்கதை.

5-23 ஹைட்ரோவை வைத்துக்கொண்டு எடி கரண்ட் சோதனையை மட்டும் இப்போது தனியாகச் செய்து "விஇ" வாங்க முடியுமா, அல்லது ஹைட்ரோவையும் சேர்த்து மறுபடி செய்ய வேண்டுமா?